மீன் பேச்சு

சுப்பாத்தாளின் வீட்டில் மகளைப் பற்றிப் பேசக் கூடாது, மீனைப் பற்றிப் பேசலாம். இது குப்பண்ணன் போட்ட சட்டம். பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் குப்பண்ணன் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். வியாபாரியிடம் ஒன்று, லாரிக்காரனிடம் ஒன்று என்று மாற்றிப் பேசத் தெரியாதவர். சொன்ன சொல்லை மாற்றாத மனுஷனோடு குடித்தனம் நடத்துவது எப்படியிருக்கும் என்று சுப்பாத்தாளை மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், செல்வப்பிரியா. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே வேலை பார்த்த ரிஜினைக் கட்டிக்கொண்டாள். ரிஜின் மூணாறு மலையில் சூரியநெல்லிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். பதிவுத் திருமணம் முடித்து மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றபோது, குப்பண்ணன் போர் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் சட்டை வேட்டியோடு உட்கார்ந்தார். மகளைத் தலைமுழுகிவிட்டேன் என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் செய்தே காட்டினார். அப்புறம் துவட்டிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார், சுப்பாத்தாள் சோறு போட்டாள். அந்தச் சோற்றைப் போட்ட கையை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

மகளின் துணிமணி, கட்டில், சுவரில் இருந்த போட்டோ எல்லாம் அந்த வாரமே வீட்டை விட்டுப் போயின. மீன் தொட்டி மட்டும் போகவில்லை. கூடத்து மூலையில் கடப்பைக் கல்லின் மேல் இருந்த கண்ணாடித் தொட்டி அது. தூக்கிப் போட வந்த தோப்பு ஆள் காளிச்சாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணியோட தூக்குனா ஒடஞ்சு போயிருமுங்க. தண்ணிய எறச்சா மீனு செத்துருமுங்க. வாயில்லாச் சீவன் பாவம் நமக்கெதுக்குங்க" என்றான். குப்பண்ணன் யோசித்தார். பெற்ற மகள் வாசலில் நின்று அழுதபோது யோசிக்காதவர், மீனுக்கு யோசித்தார்.

அப்படித் தப்பிய மீன்கள் செல்வப்பிரியாவின் பிரியமான ஆப்பிரிக்கச் சிக்லிட்டுகள். டாங்கனிகா என்ற ஏரியிலிருந்து வந்த இனம், கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. உடம்பெல்லாம் மெல்லிய வரிகள், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள். குடியிருப்பது காலி நத்தை ஓட்டுக்குள். வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பி ஓட்டைப் பாதி புதைத்து, வாசலை மட்டும் வெளியே விட்டு வைக்கும். முட்டையிடுவதும் அந்த ஓட்டுக்குள்தான். குஞ்சு பொரித்ததும் எள் முனை போல ஒன்றிரண்டு வாசலில் வந்து எட்டிப் பார்க்கும். வளர்ந்த குஞ்சுகளைத் தாய் துரத்தாது. அக்காவும் தம்பியும் சித்தியும் பக்கத்துப் பக்கத்து ஓடுகளில் ஒரே கூட்டமாக இருக்கும்.

மகள் போன முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுப்பாத்தாளின் போன் அடித்தது. எடுத்தால் வீடியோவில் மகள் முகம். அழுதுவிடுவாள் என்று நினைத்தால், "அம்மா, மீனுக்குத் தீனி போட்டயா?" என்றாள். அழுகையை அடக்கக் கிடைத்த பேச்சு அது, வேறொன்றுமில்லை. குப்பண்ணன் நாற்காலியில் பேப்பரை விரித்தபடி இருந்தார். போனைப் பிடுங்கப் போகிறார் என்று சுப்பாத்தாள் எழுந்து தள்ளி நின்றாள். அவர் பேப்பரை இறக்காமலே, "மீனப் பத்திப் பேசோணும்னா பேசு. வேற பேச்சு இந்த ஊட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மீன் பேச்சு. போனைத் தொட்டிக்கு நேராகப் பிடிக்க வேண்டும். மகள் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவள் செய்தாள். சோடா பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காற்றுக் குழாயைப் போட்டு, தூள் போன்ற இறால் முட்டையைக் கொட்டிப் பொடிப்பொடியான இறாலைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள். பஞ்சு ஃபில்டரைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசக் கற்றுக்கொண்டாள். வீட்டுப் போர் தண்ணீர் பருப்பு வேகாத உப்புத் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்த மீன்களுக்கு அதுதான் அமிர்தம். மூன்று வருஷத்தில் கூட்டம் பெருகி மணல் தெரியாமல் ஓடும் மீனுமாக ஆகிவிட்டது. சுப்பாத்தாளுக்கு மீன் ஆசை ஒன்றும் கிடையாது. மீன் இருக்கிறவரைக்கும் மகள் குரல் இருக்கும் என்பது தெரியும், அவ்வளவுதான். ஒரு மீன் செத்து மிதந்தாலும் மிச்சத்தை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பாள்.

போன வருஷத்திலிருந்து வீடியோவின் ஓரத்தில் ஒரு குழந்தையின் கையோ காலோ தெரிய ஆரம்பித்தது. யார் மாதிரி இருக்கிறது, பல் முளைத்ததா, பேர் என்ன, எதையும் கேட்க மீன் சட்டத்தில் இடமில்லை. சுப்பாத்தாள் போனை இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, "வெளிச்சம் பத்தல கண்ணு, சித்தெ அந்தப் பக்கம் திருப்பு" என்பாள். மகள் புரிந்துகொண்டு திருப்புவாள். சில சமயம் குப்பண்ணனின் பேப்பர் ரொம்ப நேரம் புரளாமலே இருக்கும்.

இந்த ஆனி மாதக் கடைசியில் செல்வப்பிரியா ஒரு விஷயம் சொன்னாள். இப்போது குடியிருக்கிற சூரியநெல்லியில் தொட்டி வைத்திருக்கிறாளாம். மலைத் தண்ணீர் மழைத் தண்ணீர் மாதிரி வெறுமையாக இருப்பதால் முன்பு வாங்கி விட்ட மீன்கள் பிழைக்கவில்லையாம். இப்போது சிப்பித் தூளை ஃபில்டரில் போட்டுத் தண்ணீரைக் கடினமாக்கப் பழகிவிட்டாளாம். "பாதி மீன நானே நேர்ல வந்து எடுத்துக்கறேம்மா. ஓட்டோடதான் எடுக்கோணும், இல்லாட்டி புடிக்கவே முடியாது. அங்க மிச்சம் இருக்கற மீனுக்கு வேற ஓடு வேணும், அத மட்டும் பாரு" என்றாள்.

சுப்பாத்தாள் கணவரைப் பார்த்தாள். நேரில் வருவது மீன் பேச்சில் சேருமா சேராதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மீன எடுத்துட்டுப் போறதுன்னா வரட்டும். அவன் வண்டியிலயே இருக்கோணும்."

ஆடி பிறந்தது. தெருவில் அவரவர் மகள்கள் ஆடி நோம்பிக்குப் பிறந்த வீடு வந்தார்கள். சுப்பாத்தாளின் மகள் ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு வரப்போகிறாள். வந்தால் போதும், எதற்கு வந்தால் என்ன என்று அவள் இருந்தாள். முறுக்கு சுட்டாள். குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கி வந்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள்.

ஆடி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, குப்பண்ணன் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார், முழங்கை வரைக்கும் ஈரம், மணல். மூன்று வருஷமாக அந்த மூலையை ஏறெடுத்துப் பார்க்காதவர். தொட்டிக்குள் மகளுடைய பழைய வயல் நத்தை ஓடுகளுக்குப் பக்கத்தில், பழுப்பு வரி போட்ட புது ஓடுகள் கூடை நிறையக் கொட்டியது போலக் கிடந்தன. ஆப்பிரிக்க நத்தை. மழை பெய்தால் மாமரத்தில் ஏறிப் பட்டையையும் தளிரையும் தின்று தீர்க்கிற சனியன்.

"ஏதுங்க இத்தனையும்?"

"தோப்புலதான். ஓடு வேணும்னு சொன்னாளாமே." பேரைச் சொல்லாவிட்டாலும் மகளைக் குறித்து அவராக ஒரு சொல் சொன்னது அதுதான் முதல் தடவை. "அந்த மீனும் ஆப்பிரிக்கா, இந்த நத்தையும் ஆப்பிரிக்கா. வயல் நத்தை ஓட்டுல அதுக எத்தன நாளைக்குக் குடியிருக்கும்? அதது அதது சாதியோட இருந்தாத்தான் வெளங்கும்."

வாழ்க்கையில் ஒரே ஒரு பாடம் படித்தவர், மீன் தொட்டிக்கு முன்னாலும் அதையேதான் ஒப்பித்தார். ஆனாலும் ஒவ்வொரு ஓட்டையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருக்கிறார் என்பது தெரிந்தது. மொட்டை மாடியில் ஓட்டைக் காயவைத்த பலகையும் பிரஷ்ஷும் தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தன. மகளுக்காக இந்த மனுஷன் குனிந்து ஒரு வேலை செய்திருக்கிறார். சுப்பாத்தாள் சமையலறைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கல் கரைந்துவிட்டது என்று நம்பினாள். தோப்பில் எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மீன்கள் ஓட்டை விட்டு வெளியே வந்து கிடந்தன. சில மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. சில மணலில் ஒருக்களித்துக் கிடந்து உடம்பைச் சிலுப்பின. வாளி வாளியாகப் போர் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினாள். மாற்ற மாற்ற இன்னும் விழுந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் புது ஓடு ஒன்றை வெளியே எடுத்து முகர்ந்தாள். புகையிலை நாற்றம். அம்மிக் குழவியால் உடைத்துப் பார்த்தாள். பிரஷ் எட்டாத உள்சுருளில் அழுகிய சதையும், அதைச் சுற்றி நல்ல நீலமும் ஒட்டியிருந்தன.

அந்த நீலம் தோப்புக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாததல்ல. மயில்துத்தம். நத்தையைக் கொல்லப் புகையிலைக் கஷாயத்தில் மயில்துத்தத்தைக் கரைத்து டிரம்மில் வைத்திருப்பார்கள். காளிச்சாமி பொறுக்கிக்கொண்டு வருகிற நத்தையெல்லாம் அதற்குள்தான் விழும்.

"டிரம்முல கெடந்ததுங்களா இது?"

குப்பண்ணன் பின்னால் வந்து நின்றிருந்தார். "கழுவித்தான் போட்டேன்" என்றார். உடைந்த ஓட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "வெயில்லயும் காய வெச்சேன்" என்றார்.

"தொட்ட கையச் சோப்புப் போட்டுக் கழுவாம சோறு திங்காதீங்கடான்னு ஆளுகள வையறவரு நீங்க. உங்களுக்குமாங்க தெரியாமப் போச்சு?"

சுப்பாத்தாள் புது ஓடுகளை அள்ளி வெளியே எறிந்தாள், பழைய ஓடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினாள். தாயும் குஞ்சும் சேர்ந்து விழுந்தன. சாயங்காலத்துக்குள் தொட்டியில் உயிர் என்று ஒன்றும் மிச்சமில்லை. மூன்று வருஷமாக மகளின் குரலைக் கொண்டுவந்து கொடுத்த அத்தனையும் ஒரு சொம்பில் அடங்கின. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

"போன் பண்ணிச் சொல்லீரு, வர வேண்டாம்னு" என்றார் குப்பண்ணன். "மீன எடுக்கத்தான வரச் சொன்னது."

சுப்பாத்தாள் போனை எடுத்து அணைத்து அரிசிப் பானைக்குள் கவுனுக்கு மேல் வைத்து மூடினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சொல்லை அவள் மீறியது அதுதான் முதல் தடவை. மீன் இல்லாவிட்டால் என்ன, வாசல் வரைக்கும் வந்துவிட்ட மகளை எந்த அப்பன் இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்புவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. விடியலிலேயே கிளம்பி மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று சுற்றி வந்திருந்தார்கள். குப்பண்ணன் சொல்லியிருந்தபடி ரிஜின் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குழந்தை அவனருகில் தூங்கியது. செல்வப்பிரியா மட்டும் தெர்மோகோல் பெட்டியையும் ஆக்ஸிஜன் அடைக்கிற பைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். கூடத்தில் அப்பா நாற்காலியில் பேப்பரோடு இருப்பதைப் பார்த்துத் தயங்கினாள், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மூலைக்குப் போனாள்.

தொட்டியில் தெளிந்த தண்ணீரும் வெறும் மணலும் இருந்தன. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா?"

சுப்பாத்தாள் சொன்னாள். ஓடு, டிரம், மயில்துத்தம், கழுவியது, காயவைத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். செல்வப்பிரியா தொட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"மூணு வருசமா இந்தத் தொட்டிப் பக்கம் திரும்பிப் பாக்காதவரு, நான் வாரேன்னு தெரிஞ்சதும் கைய உள்ள உட்டாராக்கும். அதும் மருந்து டிரம்முல கெடந்த ஓட்ட எடுத்து."

"உனக்கு வேணும்னுதான் கண்ணு போட்டாரு. தெரியாமப் போட்டுட்டாரு. சாமி சத்தியமாச் சொல்றேன்."

"கோயமுத்தூர்ல எம்மெஸ்ஸிக்கு சீட்டுக் கெடைக்கலைன்னும் சாமி மேலதாம்மா சத்தியம் பண்ணுன."

சீட்டு கிடைத்தது. அனுப்ப முடியாது என்றவர் குப்பண்ணன். மகள் அப்பனை வெறுத்துவிடக் கூடாதே என்று பொய் சொன்னவள் சுப்பாத்தாள். அந்த ஒன்றோடு நின்றதா? அவர் அடித்ததற்குத் தலைவலி என்றாள். அவர் பேச மறுத்ததற்குத் தொண்டை கட்டு என்றாள். குடும்பம் குலையாமல் இருக்க ஒரு பொம்பளை எத்தனை பொய் சொல்ல முடியுமோ அத்தனையும் சொன்னாள். இன்றைக்கு உண்மையைச் சொல்கிறாள், அதை நம்ப ஆளில்லை.

"ஏனுங்க" என்று கணவரிடம் திரும்பினாள். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்தை."

குப்பண்ணன் பேப்பரை மடித்தார். செல்வப்பிரியா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் மட்டும் இல்லை என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? இல்லை அம்மிணி, தெரியாமச் செஞ்சுட்டேன் என்று ஒரு வரி வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவாள் போல நின்றாள்.

"அப்பா" என்றாள்.

அவர் வாய் ஒரு தரம் திறந்து மூடியதைச் சுப்பாத்தாள் பார்த்தாள். பார்த்தாள் என்பதற்கு அவள் சாகும் வரைக்கும் சாட்சி சொல்வாள். பிறகு அவர் மகள் பக்கம் பார்க்காமல் மனைவியிடம் பேசினார்.

"மீன் இல்லைன்னு ஆயிப்போச்சு. மலையேறோணும், பொழுதோட கெளம்பச் சொல்லு."

செல்வப்பிரியா தலையை ஆட்டிக்கொண்டாள். எதிர்பார்த்ததுதானே என்கிற மாதிரி ஆட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். சுப்பாத்தாள் அரிசிப் பானையைத் திறந்து கவுனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கேட்டுக்கு வெளியே ரிஜின் இவளைக் கண்டதும் அவசரமாக இறங்கிக் கும்பிட்டான். கதவு திறந்த சத்தத்தில் தூக்கம் கலைந்து குழந்தை விழித்தது.

"சோனா, ஆச்சியப் பாரு. ஆச்சிகிட்ட போறியா?" என்று தூக்கி நீட்டினான்.

சுப்பாத்தாள் வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது, பால் வாசமும் வேர்வையுமாக இருந்தது. மூக்கு குப்பண்ணனுடையது. குழந்தை அறியாத முகத்தைப் பார்த்து வீறிட்டது, தாயிடம் தாவியது. கவுனைக் காருக்குள் வைத்தாள்.

"இனி என்ன சொல்லி போன் பண்றதும்மா" என்றாள் செல்வப்பிரியா. கோபமாகச் சொல்லவில்லை. "அந்தாளுக்கு முன்னால நீ ஒரு நாளாவது எங்கிட்ட, நல்லாருக்கயான்னு கேட்டிருக்கயா? மீனு நல்லாருக்குன்னுதான சொன்ன."

கார் போய்விட்டது. நல்லாயிருக்கயா கண்ணு என்று அப்போது கேட்டிருக்கலாம். கார் திரும்பி மறைந்த பிறகுதான் வாயில் வந்தது.

உள்ளே வந்தபோது குப்பண்ணன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வயசு ஏறிப்போய்த் தெரிந்தார். சுப்பாத்தாள் பம்ப்பை நிறுத்தினாள். குழாயின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி வாளிக்குள் போட்டாள். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

"இனி கூப்புட மாட்டாளா?" என்றார்.

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறைந்ததும் எடுத்துப் போய் வெளியே ஊற்றிவிட்டு வந்தாள்.

"கொழந்தைக்குப் பேரு என்ன?" என்றார்.

பேர் அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. அடுத்த வாளியை வைத்தாள்.